அண்ணனைப் பற்றி விசாரித்தவர்கள்

பாரிசில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் நான் மதியம் சாப்பிடும் கடையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் யாராவது சுட்டுவிட்டால் அன்று அந்தக் கடையில் எல்லோருடைய சோறும் ஆறிப்போகும். ஆளாளுக்குச் சட்ட நிபுணராகிவிடுவோம். அதில் வாய் கிழியப் பேசுகிறவன் நான்தான். பக்கத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சின்ன அறை எடுத்து, சனங்களின் பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். முத்திரை கையில் இருந்தால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது.

அன்றும் அப்படித்தான். பக்கத்து மேசையில் இருந்த புதுச்சேரிக்காரர், இங்கே தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், பிரெஞ்சுச் சட்டத்தைத் தானே எழுதியதுபோல் விளக்கிக்கொண்டிருந்தார். இங்கே துப்பாக்கி வேண்டுமென்றால் சுடும் சங்கத்தில் சேர வேண்டும், மருத்துவர் சான்றிதழ் வேண்டும், பிறகு பிரெஃபெக்த்யூர் என்கிற அரசு அலுவலகம் ஆளைப் பற்றி விசாரிக்கும். அங்கே ஒரு படிவத்தை நிரப்பினால் கடைக்காரன் கணினியில் பார்த்துவிட்டுத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான் என்றார். நான் விடவில்லை. கணினிக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். ஒருவனுடைய மனநிலை அவனோடு ஒரே வீட்டில் இருந்தவனுக்குத்தான் தெரியும், அவனைக் கேட்க வேண்டும், கேட்டால் அவன் மறைக்கக் கூடாது, மறைத்தால் உள்ளே போட வேண்டும் என்று மேசையில் தட்டினேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதே வாரம் அண்ணி அமெரிக்காவிலிருந்து அழைத்தார். அண்ணன் அங்கே ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையில் கொள்ளை நடந்தபிறகு ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருந்தது எனக்குத் தெரியும். கடைக்காரன் வைத்திருப்பது நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது அவர் வீட்டில் கதவுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

"கோயிலுக்கும் இடுப்பிலை கொண்டுதான் வாறார் தம்பி. பூசை முடியுமட்டும் பின்னாலை திரும்பித் திரும்பிப் பாக்கிறார். அங்கை இருக்கிற சனம் முழுக்கத் தனக்கு எதிராத்தான் கூடியிருக்காம்."

நாங்கள் வேதக்காரர்; கோயில் என்பது தேவாலயத்தை. அண்ணி ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருந்தார். அவர்கள் இருக்கும் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் கேட்டால் நீதிபதி துப்பாக்கியைப் பறித்துவைக்கலாம். மனைவி சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் குடும்பச் சண்டை என்று தள்ளிவிடுவார்களாம். பாரிசில் அவரை மருத்துவமனையில் சேர்த்தவன் நான்தான் என்று அண்ணன் ஒருநாள் கோபத்தில் சொல்லியிருக்கிறார். அதை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்.

உண்மைதான். நாங்கள் இருவரும் இளவட்டங்களாகப் பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரே அறையில் இருந்த காலம். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அண்ணன் ஒருநாள் வேலைக்குப் போகாமல், குளிர்சாதனப் பெட்டியை இழுத்துக் கதவை அடைத்து, சமையல் கத்தியோடு அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டார். இலங்கை ஆமிக்காரர் படியேறி வருகிறார்கள் என்றார். நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட்டால், விருப்பமில்லாதவரையும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கலாம். நான் போட்டேன். தேறி வந்தவர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. மீண்டும் பேசியபோது நான் அழுதேன். துப்பாக்கிக் கடைப் படிவத்தில், மனநோய்க்காக மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு அவர் இல்லை என்று எழுதியிருக்கிறார். பிரெஞ்சு மருத்துவமனையின் ஏடு அந்தக் கணினிக்கு எப்படித் தெரியும்?

ஒரு பக்கம் எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அப்போது அண்ணன் மகளுக்கு இங்கே, பாரிசுக்குப் பக்கத்து ஓல்னே-சூ-புவாவில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. நீதிமன்றத்துக்குப் போன காகிதம் சம்பந்தி வீட்டுக்குப் போக எத்தனை நாள்? கலியாணம் முடியட்டும், கட்டாயம் எழுதுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"கலியாணம் நிண்டாலும் பரவாயில்லை எண்டுதான் தம்பி கேக்கிறன்" என்றார். பிறகு சொன்னார்: "எனக்குக் கலியாணம் பேசேக்கையும் என்ரை அப்பா உங்களைத்தான் கேட்டவர். பிழை ஒண்டுமில்லை எண்டு சொன்னனீங்கள்."

கோபமாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. நான் வேறொரு அழைப்பு வருகிறது என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இரண்டு கிழமைக்குள் மாப்பிள்ளையின் தகப்பன் என் அறைக்கே வந்தார். எங்களிடையே விசாரிப்பு என்றால் அப்படித்தான்: ஏதோ காகித வேலைபோல் வந்து, தேநீர் குடித்து, கடைசியில் ஆளைப் பற்றிக் கேட்பது. பெண்ணின் தகப்பன் ஆள் எப்படி என்றார். தங்கமான மனிதர் என்றேன். பரம்பரையில் ஏதும் நோய், மனப் பிரச்சினை என்று மெல்ல இழுத்தார். அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். முகத்தில் ஒரு சலனமும் காட்டவில்லை. இருபத்தேழு வருடப் பழக்கம்.

கலியாணம் பாரிசுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்தது. அண்ணன் கோட்டு சூட்டோடு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், அண்ணி கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தைப் பற்றி அண்ணி அங்கே ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் அவர் கண்ணில் படாமல் பந்தியைக் கவனிக்கிறவன்போல் ஓடித்திரிந்தேன்.

அடுத்த மாதம் மறுபடியும் அந்தத் தொலைக்காட்சி. இந்த முறை ஒரு தேவாலயம். எத்தனை பேர், யார் சுட்டது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஊர்ப் பெயரைத்தான் பார்த்தேன். அண்ணன் இருக்கும் ஊர் இல்லை. அப்பாடா என்று என் வாய் முணுமுணுத்தது. செத்துக் கிடந்தவர்களை வைத்துக்கொண்டு அப்பாடா என்ற என்னை அந்த இடத்திலேயே வெறுத்தேன்.

"என்னங்க, இன்னிக்கு ஒண்ணும் பேசலியா?" என்று புதுச்சேரிக்காரர் கேட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து அறைக்குப் போய், எல்லாவற்றையும் எழுதினேன். கத்தி, குளிர்சாதனப் பெட்டி, மருத்துவமனை, என் கையெழுத்து. முத்திரையும் குத்தினேன். பிறகு அண்ணியை அழைத்தேன். அங்கே அப்போது காலை; அண்ணன் கடைக்குப் போயிருந்தார்.

அண்ணி முழுவதையும் கேட்டார். பிறகு, இனி அனுப்ப வேண்டாம், அண்ணன் கையில் அகப்பட்டால் தன் கதை முடிந்துவிடும் என்றார். அப்படியானால் வழக்கு என்று கேட்டேன். வழக்கறிஞரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். அந்தச் சட்டப்படி வீட்டில் இருப்பவர்தான் கேட்கலாம். நான் கேட்க முடியாது.

"எனக்கும் ஒண்டு வாங்கித் தந்திருக்கிறார் தம்பி. என்னைப் பற்றியும் கடையிலை பாத்தவங்கள். ஒரு குறையும் இல்லையாம். சுடப் பழகியிட்டன்" என்றார். ஏன் வாங்கினீர்கள் என்று கத்தினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கோயிலிலை அவர் எழும்பினா, பக்கத்திலை இருக்கிறது நான்தானே."

அவர்களுடைய ஞாயிறு பூசை தொடங்கும்போது இங்கே பின்னேரம் நான்கு மணி. அந்த ஒரு மணி நேரம் நான் யாரோடும் பேசுவதில்லை.