தந்தியில் அடிபட்ட ஆறு

காரைக்காலில் என் நண்பருக்கு நினைவேந்தல் கூட்டம் நடத்தினார்கள். அவர் திரைப்பட இயக்குநர். நான்கு படங்கள் எடுத்தார். மூன்றில் அவர் பெயர் வந்தது. நான் பாசனப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருந்தார்கள். ஐந்தேமுக்காலுக்குத் தொடங்கினார்கள். மூன்றாவதாகப் பேசவந்தவர் அவருடைய இரண்டாவது படத்துக்குத் தயாரிப்பு நிர்வாகியாக இருந்தவர். இப்போது யூடியூப் சேனல்களில் பழைய சினிமாக் கதைகள் சொல்கிறார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணன் பெரிய கலைஞன். ஒரே ஒரு வீக்னஸ்தான். இந்தக் காரைக்கால்ல ஷூட்டிங் வச்சோம். பதினோரு நாள் கேமரா ஓடல. சென்னைக்கு ஒரு தந்தி வருது. என்னான்னு? 'தண்ணி வரவில்லை. வரும்வரை காரைக்காலை விட்டு நகர இயலாது.' தந்தி அடிச்சுத் தண்ணி கேட்ட ஒரே டைரக்டர் இந்தியாவிலேயே நம்ம அண்ணன்தான்!"

அரங்கம் சிரித்தது. எங்கள் ஊரார் வெளியூர்க்காரர்களைவிடச் சத்தமாகவே சிரித்தார்கள். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் புதுச்சேரி ஆட்சியில் நாங்கள். பாட்டில் இங்கே மலிவு என்பதைத் தவிர எங்களைப் பற்றி அக்கம்பக்கத்து மாவட்டங்களுக்கு வேறெதுவும் தெரியாது. ஊர் பெயரைச் சொல்லி யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது எங்களுக்குப் பழகிவிட்டது.

முன்வரிசையில் நண்பரின் மனைவியும் சிரித்தார். பல வருடங்களாக அதே இடத்தில் அதே அளவு சிரித்துப் பழகியவரின் சிரிப்பு அது. அதைப் பார்த்த பிறகு கையிலிருந்த காபியைக் குடிக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நண்பர் குடிக்காதவர் இல்லை. ஊருக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பீர் பாட்டிலைத் திறப்பார். பாதியில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். இதற்குச் சாட்சி நான்தான். மீதிப் பாதி எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மேற்படி பதினோரு நாளில் அந்தப் பாதி பாட்டில்கூடக் கிடையாது. இதற்கும் நானே சாட்சி. பதினோரு நாளும் விடியற்காலையிலிருந்து அவரோடு இருந்தவன் நான்.

அந்தப் படம் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை. அவர் காரைக்காலை அடுத்த குரும்பகரத்துக்காரர், நெல் விளைவிக்கும் குடும்பம். படத்தின் கடைசிக் காட்சியில் வறண்டு வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் அந்த வருடத்தின் முதல் ஆற்று நீர் வரவேண்டும். தயாரிப்பாளர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து விடச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார்.

"லாரித் தண்ணி நுரை தள்ளிக்கிட்டு வராதுடா" என்றார் என்னிடம். "சருகை உருட்டிக்கிட்டு வராது. வெடிப்புல விழுந்து, நெறஞ்சு, யோசிச்சு, அப்புறம் அடுத்த வெடிப்புக்கு வரணும். நண்டு வெளில ஓடணும். லாரித் தண்ணிக்கு நண்டு ஓடுமா?"

ஓடாது. நண்டுக்கும் நடைமுறை தெரியும்.

எங்கள் பகுதி கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை கடந்து, பத்துப் பதினைந்து மதகுகளில் நின்று, வழியில் உள்ளவர்களெல்லாம் கை நனைத்த பிறகு கடைசியாக எங்களிடம் வரும். வரும் நாளைக் கணித்துச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. கணிப்பை எழுதுவது என் வேலை. "இரண்டு நாட்களில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதுவோம். இரண்டு நாள் கழித்தும் அதையே எழுதுவோம். அந்த வாக்கியத்தை நம்பித்தான் அவர் கேமராவோடும் ஆட்களோடும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் வந்து இறங்கினார்.

தினமும் விடியும் முன்பே அலுவலக ஜீப்பில் அவரை ஏற்றிக்கொண்டு மதகு மதகாகப் போவேன். ஒவ்வொரு மதகிலும் அதைத் திறந்து மூடும் லஸ்கர் பல் துலக்கிக்கொண்டே கையை விரிப்பார். நான்காம் நாள் நண்பருக்குப் பொறுமை போய்விட்டது.

"எதிர்பார்க்கப்படுகிறது, எதிர்பார்க்கப்படுகிறதுன்னு எழுதுறியே, யாருடா எதிர்பார்க்கிறது? ஆளக் காட்டு. நான் போய்ப் பேசிக்கிறேன்."

"அது செயப்பாட்டு வினைடா. ஆள் கிடையாது."

"அப்ப தண்ணி?"

"அதுவும் அப்படித்தான். வரவழைக்கப்படும்."

மதகுச் சுவரில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். அன்று சிரிக்க முடிந்தது.

ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து நெருக்கினார்கள். அப்போது டிரங்க் கால் போட்டால் லைன் கிடைக்காது, லைன் கிடைத்தால் தயாரிப்பாளர் கிடைக்கமாட்டார். தந்தி கொடுப்பது என்று முடிவானது. என் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் அவர் எழுதினார்:

"குரும்பகரம் வாய்க்காலுக்கு ஆற்று நீர் இன்னும் வந்து சேரவில்லை. முதல் நீர் வரும் காட்சி இல்லாமல் இந்தப் படம் இல்லை. நீர் வரும்வரை காரைக்காலை விட்டு நகர இயலாது. தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்."

நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் தந்தி வாசகம் என்றால் என்னிடம்தான் வரும். சொல்லுக்குச் சொல் காசு வாங்கும் தந்தியில் பத்து வரியை ஒரு வரியாக்குவதில் எனக்குப் பெயர் இருந்தது. எனக்கே அதில் பெருமையும் இருந்தது. குரும்பகரத்தை அடித்தேன், காரைக்கால் போதும். வாய்க்காலை அடித்தேன், தண்ணீர் வேறு எதில் வரும்? காட்சியை அடித்தேன், சினிமாக்காரருக்குக் காட்சி என்று சொல்ல வேண்டுமா? ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் தந்தி அலுவலகத்தில் "ஆற்று நீர்" என்று கொடுத்தால் மூன்று விதமாகப் பிழை விடுவார்கள். அதனால் ஆற்றையும் நீரையும் அடித்துவிட்டு மேலே "தண்ணி" என்று எழுதினேன். தயவுசெய்து என்பது எங்கள் அலுவலக நடையிலேயே கிடையாது.

மிஞ்சியது: "தண்ணி வரவில்லை. வரும்வரை காரைக்காலை விட்டு நகர இயலாது."

"எப்படி?" என்றேன்.

"தந்தின்னா இதுதான்டா" என்றார். அவர் கையாலேயே படிவத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாசகத்தில் வேறொரு பொருள் இருப்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனி மாதத்தில் எங்கள் பக்கம் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டீங்களா என்று கேட்கமாட்டோம். "ஒங்க பக்கம் தண்ணி வந்துடுச்சா?" என்றுதான் கேட்போம். அந்த ஒரு மாதம் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். சென்னையில் வருடம் முழுவதும் வேறு பொருள் இருக்கிறது என்பதும், அதன் பக்கத்தில் காரைக்கால் என்ற பெயரையும் வைத்தால் என்ன ஆகும் என்பதும் எழுத்தர்கள் யோசிக்கவேண்டிய விஷயங்கள். நான் யோசிக்கவில்லை.

பத்தாம் நாள் மேற்படி தயாரிப்பு நிர்வாகி சென்னையிலிருந்து வந்து லாட்ஜில் இறங்கினார். காலை ஏழு மணி. இயக்குநர் எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

"சார் தண்ணி பாக்கப் போயிருக்காருங்க. தெனமும் விடியறதுக்கு முன்னாடியே போயிடுவாரு. ஒரு கவர்மென்ட் சாரு ஜீப்புல வந்து கூட்டிக்கிட்டுப் போவாருங்க."

இதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. மறுநாள் கேமராவும் ஆட்களும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அவர்கள் திரும்பிய வேனின் பின்சீட்டுக்கு அடியில் என்ன இருந்தது, அதைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோனது யார் என்பது தயாரிப்பு நிர்வாகிக்கும் எனக்கும் தெரியும். அது இங்கே தேவையில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை குரும்பகரத்துக்குத் தண்ணீர் வந்தது. கரையில், வேனில் போகாமல் தங்கிவிட்ட என் நண்பரும் நானும் மட்டும். அவர் சொன்னபடியே வந்தது. நுரை தள்ளி, சருகை உருட்டி, வெடிப்பில் விழுந்து நின்று நிதானித்து வந்தது. நண்டுகள் ஓடின. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி, தண்ணீர் தன் காலைத் தாண்டிப் போகும்வரை நின்றார்.

"பார்த்துக்கடா. நான் சொன்னது சரிதான்" என்றார். அவ்வளவுதான்.

படத்தை வேறொருவரை வைத்து லாரித் தண்ணீரில் முடித்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. அடுத்த ஆறு வருடங்கள் அவருக்குப் படம் கிடைக்கவில்லை. கோடம்பாக்கத்தில் "தண்ணி டைரக்டர்" என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பட்டப்பெயர் எப்படி வந்தது என்று தெரிந்ததும் விளக்கம் எழுதித் தருகிறேன் என்றேன். அவர்தான் தடுத்தார்.

"ஆபீஸ் ஜீப்புல சினிமாக்காரன ஏத்திக்கிட்டுச் சுத்தினேன்னு எழுதித் தருவியா? மொத மெமோ உனக்குத்தான். சும்மா இருடா."

இருந்தேன். அது அவர் எனக்குச் செய்த உதவி. நான் ஓய்வு பெற்றதும் அந்தக் காரணமும் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு எந்த விதியையும் என்னால் மேற்கோள் காட்ட முடியாது.

கூட்டத்துக்கு மறுநாள் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். நினைவு மலர் ஒன்று தயாராகிறது, தயாரிப்பு நிர்வாகியின் தந்திக் கதைதான் முதல் கட்டுரை என்றார்.

"நீங்களும் ஒண்ணு எழுதித் தாங்கண்ணா. அந்தக் காரைக்கால் விஷயத்த மட்டும் கொஞ்சம் நாசூக்கா எழுதிடுங்க. பேத்தி படிப்பா. நீங்களும்தானே கூட இருந்தீங்க?"

கூடக் குடித்தவன் என்று என்னைப் பற்றி இத்தனை வருடமாக நினைத்திருக்கிறார். அப்படி நினைத்தும் வருடாவருடம் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருக்கிறார்.

நான் எழுந்து போய் "இதர" என்று தலைப்பிட்ட கோப்பை எடுத்துவந்தேன். எதையும் கிழித்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். நீல மையில் அவர் கணவரின் எழுத்து, அதன்மேல் என் சிவப்புக் கோடுகள்.

அவர் இரண்டு முறை படித்தார். விரலை "ஆற்று நீர்" மேல் வைத்தார்.

"இத அடிச்சது யாரு?"

"நான்தாம்மா."

பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பதினோரு நாள் அங்க என்ன பண்ணீங்கன்னு. 'தண்ணிக்காகத்தான் இருந்தேன்'னாரு. ஒளிக்காமச் சொல்றாரேன்னு ஆத்திரம் வந்துச்சு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். மூணு மாசம். திரும்பி வந்தப்புறமும் அந்தப் பேச்சையே அவர எடுக்க விடல. நான் மெட்ராஸ்ல பொறந்தவ. எங்களுக்குக் குடிக்கிற தண்ணி லாரில வரும். அதுக்காக ஒருத்தர் ஆத்தங்கரைல காத்துக்கிட்டு இருப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாய்க்கால் கரைம்மா" என்றேன். திருத்தும் பழக்கம் போகவில்லை.

"நீங்க பேசாதீங்க" என்றார். அது நியாயமான உத்தரவு. கீழ்ப்படிந்தேன்.

அங்கிருந்தே மலரின் தொகுப்பாளருக்குப் போன் செய்தார். போனை என்னிடம் கொடுத்தார். தொகுப்பாளர் மரியாதையான இளைஞர்.

"அந்தக் கட்டுரை ரொம்ப ஜாலியா இருக்கு சார். எடுக்க மனசு வரல. உங்க விளக்கத்தைக் கீழ அடிக்குறிப்பாப் போட்டுடலாமா?"

"எடுக்க வேண்டாம். தந்தி வாசகத்துல அவர் ஒரு எழுத்துகூடத் தப்பாச் சொல்லல. அதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல இந்தத் தாளப் படம் எடுத்துப் போடுங்க. பக்கத்துல என் கட்டுரை. திருத்தினது யாருன்னு என் பேரும் இருக்கணும்."

"பேர் அவசியமா சார்?"

"திருத்தினவன் கையெழுத்து இல்லாத கோப்பு செல்லாது தம்பி."

சரி என்றார். அந்தத் தாளைத்தான் நீங்கள் இடப்பக்கம் பார்க்கிறீர்கள்.

போனை வைத்ததும் நண்பரின் மனைவி கேட்டார். "இது ஆனி மாசந்தானே? தண்ணி வந்துடுச்சா?"

என் பழைய அலுவலகத்தைக் கூப்பிட்டேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் சொன்னார்: "இரண்டு நாள்ல எதிர்பார்க்கப்படுதுங்க சார்."

"யாராலம்மா?"

"சார்?"

"ஒண்ணுமில்ல. நன்றி."

விஷயத்தைச் சொன்னேன். அவர் பையிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு சென்னையிலிருக்கும் மகளைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நான் பஸ் ஏறலடி. தண்ணி வர்ற வரைக்கும் காரைக்கால்லதான் இருக்கப் போறேன்."

எதிர்முனையின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அம்மா! நீயுமா?"

பேசாதீங்க என்ற உத்தரவு அமலில்தான் இருந்தது. மீறினேன்.

"ஆத்துத் தண்ணின்னு சொல்லுங்கம்மா. ஆத்தை விட்டுடாதீங்க."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்.

"ஆத்துத் தண்ணிடி. குரும்பகரம் வாய்க்கால்ல. உங்கப்பா பாத்தது."