ஹொரைசன் மீட்டரில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும், நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒன்று மறக்கவில்லை.

மஹய்யாவையிலிருந்து பஸ் ஏறி, தெல்தெனியப் பக்கம் ஒரு கம்பெனியின் சின்னப் பிளேன்களைத் துடைக்கப் போவேன். நீர்த்தேக்கத்துத் தண்ணீரிலேயே இறங்கி ஏறுகிற பிளேன்கள். பைலட் உட்காரும் இடத்தில் மட்டும் ஈரத்துணி கூடாது, காய்ந்த துணிதான்.

ஒன்றில் ஹொரைசன் மீட்டர் பழுதானது. பிளேன் நேராகப் போகிறதா, சரிந்து போகிறதா என்று காட்டும் மீட்டர் அது. எஞ்சினியர் றிஸ்வி சேர் அதன் கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். பிளேனின் புத்தகத்திலும் எழுதினார்.

“பாக்கியக்கா, இதத் தொட்டுறாதீங்க. வெயில் நாள்ல இது இல்லாமலும் ஓட்ட ஏலும். மிஸ்ட்டுக்குள்ள போனா இதுதான் கண்ணு. இது மௌத்தாகிட்டுன்னு பைலட்டுக்குத் தெரியோணும்.”

வேலை செய்யாத, அவர் பேச்சில் மௌத்தான, மீட்டரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் எழுதி ஒட்ட வேண்டும், அதுதான் சட்டம் என்றார். சில மீட்டர்கள் பழுதானால் பிளேனே கிளம்பக் கூடாதாம்.

அவர் லீவில் இருந்த நாளில் விருந்தாளிகள் வந்தார்கள். மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், நீ என்றுதான் பேசுவார்.

“ஃபோட்டோ எடுப்பாங்க. இது என்னா, மூஞ்சில பிளாஸ்டர் மாதிரி? பிச்சி எடு.”

“எஞ்சினியர் சேர் தொட வேணாம்னாருங்க.”

“அவரா ஒனக்குச் சம்பளம் குடுக்கிறாரு?”

தன் நகத்தாலேயே பிய்த்தார். ஒட்டியிருந்த பசையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். அது என் தப்பு.

பைலட் வேலைக்குப் புதிது, யாழ்ப்பாணத்துக்காரர். மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஆண்களிடம் நிமிர்ந்து பேசிப் பழகாதவள். அவர் ஏறக் கால் வைத்த பிறகுதான் வாய் வந்தது.

“தம்பி, அந்த ஹொரைசன் மீட்டரு வேல செய்யாதுங்க. ஸ்டிக்கர் இருந்திச்சு.”

“ஓமோ? ஆரம்மா கழட்டினது?”

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். “வாளி தூக்குற பொம்பள இனி பிளேனும் ஓட்டுமாம்.”

பைலட் சிரிக்கவில்லை. “புத்தகத்தைத் தாங்கோ” என்றார். வாசித்தார். மலையை மூடிய பனியைப் பார்த்தார். “இதை வச்சுக்கொண்டு இந்த மப்புக்குள்ள நான் ஆக்களை ஏத்தமாட்டன்.” இறங்கிவிட்டார்.

மறுநாள் மேனேஜர் ஒரு கடிதம் நீட்டினார். துப்புரவு செய்தபோது ஸ்டிக்கர் விழுந்துவிட்டதாம். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“நீதானே தொடச்ச? பொய்யா எழுதியிருக்கேன்?”

எவ்வளவு நெஞ்சழுத்தம்! பிளேன் விழுந்திருந்தால் அத்தனை பேரும் செத்திருப்பார்கள், பழி என் துணிக்கு. பேனாவை வாங்கிக் கீழே எழுதினேன்: “மேனேஜர் பிய்த்தார். பசையை நான் துடைத்தேன்.” அதற்கும் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். யார் சொன்னாலும் பசையைக்கூடத் துடைக்காதீர்கள். பைலட்டிடம் முதலில் சொல்லுங்கள்.

சட்டம் நான் காதால் கேட்டதுதான். எந்த மீட்டர் இல்லாமல் பறக்கலாம், எது இல்லாமல் கூடாது என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். மேனேஜர் பிய்த்தார் என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.