நான் கொட்டிய விளக்கெண்ணெய்

சென்ற சித்திரையில், திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவருக்குச் சாப்பிட்டவுடனே வயிற்றைப் பிசையும். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. கால்விரல்களும் நீலம் பாரித்திருந்தன. தினமும் உச்சிவேளையில் வெறுங்காலோடு கோயில் பிரகாரம் சுற்றுகிறவர், கருங்கல் சுட்டிருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆனால் கல் சுட்டால் உள்ளங்கால் அல்லவா கொப்புளிக்கும்? வலியும் நீலமும் ஒரே வாரத்தில் வந்ததே என்பது மனத்தை அரித்தது.

வயிறு கெட்டால் பேதிக்குக் கொடுப்பதுதான் எங்கள் குடும்பத்தில் முதல் வைத்தியம். அவருடைய அண்ணா ஒருநாள் விடிந்ததும் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரோடு நேரில் பேசியதில்லை. தம்பி மனைவி பேசக் கூடாது. டாக்டர் பார்க்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்று என் பெரிய பெண்ணிடம் சொல்லியனுப்பினேன்.

அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "பள்ளிக்கூடம் போன பொம்மனாட்டி வைத்தியமும் பண்ணுவாளோ? உள்ளே போகச் சொல்லுடா."

என் கணவர் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். நான் வெளியே வந்து, அதைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன்.

"அண்ணா, இந்த மூணு பொண்களுக்கும் நாளைக்கு அப்பா இல்லேன்னா நீங்க பதில் சொல்வேளா?"

நானே வண்டி வரவழைத்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நான் என் கணவரின் கால்விரல்களைக் காட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பாதத்தில் நாடி நன்றாக அடிக்கிறது, ஆனாலும் விரல் நீலம் என்றார். பெரிய இரத்தக் குழாயின் சுவரில் படிந்த கொழுப்பு, பொடிப்பொடியாக உடைந்து இரத்தத்தோடு போய், குடலிலும் விரல்களிலும் உள்ள மெல்லிய குழாய்களை அடைத்திருக்கலாம் என்று மலையாளத்தில் விளக்கினார். இரத்தம் போகாத இடத்தில் குடல் புண்ணாகி இரத்தம் கசியுமாம், மலம் கறுத்தது அதனால்தானாம். பேதிக்குக் கொடுத்திருந்தால் என்று கேட்டேன்.

"கொடுத்தில்லல்லோ. நன்னாயி," என்றார். புண்ணான குடலுக்குப் பேதி கொடுக்காததே நல்லதாயிற்று என்கிறார்.

இதற்கென்று மருந்து கிடையாதாம். புகையிலை ஆகாது என்று என் கணவர் மூக்குப்பொடியை நிறுத்தி, கஞ்சி குடித்துப் படுத்திருந்தார். இப்போது கொஞ்சம் சாதம் தங்குகிறது. மறுபடி வராது என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

அண்ணா எங்கள் வாசலை மிதிப்பதில்லை. தெருவில் என்னை அடங்காதவள் என்கிறார்கள், சொல்லட்டும். என் கணவர் இலையில் உட்காரும்போதெல்லாம் என் கண் அந்தக் கால்விரல்களுக்குத்தான் போகிறது, பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கிண்ணம் திரும்பி வந்தால் திரும்பவும் கொட்டுவேன்.