ஓட்டை போட்ட குஞ்சுப் பெட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப் பெட்டி இருக்கிறது. நாலு பக்கமும் வட்ட வட்டமாக ஓட்டை போட்டது. கோழிக்குஞ்சுகளை வண்டியில் ஏற்றி வருவதற்கென்று கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பது. எங்களிடம் வந்தபின் அது கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளின் வீடாகிவிட்டது. மேய்ப்பர்களும் ஒட்டகமும் காது உடைந்த ஆடும் வருஷம் முழுக்க அதற்குள் வைக்கோலில் படுத்திருக்கும். அக்கா கொடுத்த பெட்டி. கொடுத்தபோது, "ஓட்டைய மட்டும் அடைச்சிப்புடாத தம்பி. உள்ள இருக்கறது மூச்சு வுடணும்ல" என்றாள். களிமண் பொம்மை எங்கே மூச்சு விடுகிறது என்று நான் கேலி செய்ததற்கு, "உனுக்கு இன்னா தெரியும், போடா" என்றாள். ஒவ்வொரு டிசம்பரிலும் பெட்டியை இறக்கும்போது இந்தப் பேச்சும் கூடவே இறங்கிவிடுகிறது.

அக்காவை மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள் அடுத்தடுத்து வந்தபோது, கொல்லையில் நீளமாக ஷெட் போட்டுக் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்க ஆரம்பித்தார்கள். மகளை நர்சிங் படிக்க வைத்தது அந்த ஷெட்தான். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. இடமும் உழைப்பும் இவர்களுடையது. உழைப்பு என்றால் பெரும்பாலும் அக்கா. உள்ளே எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும். நான் வாசலோடு திரும்பிவிடுவேன். அவள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு அதற்குள்ளேயே நடந்துகொண்டிருப்பாள். நாலு கோழி தும்மினால் போதும், மொத்த ஷெட்டுக்கும் தண்ணீரில் மருந்து கலந்துவிட வேண்டும். லாரி வரும் நாள் நெருங்க நெருங்கத் தரையே தெரியாது, வெள்ளை முதுகுகள்தான் தெரியும். திரும்பி நிற்கவும் இடமில்லாத அந்தக் கூட்டத்தில் அவற்றுக்கு இருந்த ஒரே வேலை தின்பது.

ஷெட் போட்ட வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷெட் கோழியை அவர்கள் சாப்பிடமாட்டார்கள். யாரும் கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு இல்லை, தானாக வந்தது. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழிகள் தனியாக மேயும். விருந்தாளி வந்தால் அதில் ஒன்று. "தெனம் அதுங்க மொகத்துல முழிக்கிறோம், தொண்டைல எப்டி எறங்கும்" என்று மாமா சிரித்து மழுப்புவார். தண்ணீரில் என்னென்ன கலந்தது என்று அவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்கித் தின்கிற நமக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

உடம்பு கனத்துக் கால் மடங்கிப்போகும் கோழிகளைக் கழித்துவிட வேண்டும் என்பது கம்பெனியின் பேச்சு. கழிப்பது என்றால் கழுத்தைத் திருகுவது. அப்படிக் கழிக்க எடுத்த ஒன்றை அக்கா என்ன நினைத்தாளோ, கொல்லையில் கொண்டுவந்து விட்டாள். முதல் நாள் அது மண்ணைப் பார்த்து மிரண்டுபோய் நின்றதாம். பிறகு மெல்லத் தத்தித் தத்தி நடந்தது. ஒருநாள் நான் கள்ளக்குறிச்சியில் அலுவலகத்தில் இருக்கும்போது போன் செய்தாள். "இன்னிக்கி சாம்பக் குழியில பொரண்டு பொரண்டு குளிச்சிச்சிடா. அது ஆத்தாளயே பாத்ததில்ல. யார்றா அதுக்குக் கத்துக் குடுத்தது?" அவ்வளவு சந்தோஷமான குரலை அவளுடைய கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை.

ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாடாகிவிட்டது. கேட்டதையெல்லாம் போட்டால் எடை ஏறி நெஞ்சு நின்றுவிடும், பாதி வயிற்றுக்குத்தான் போட வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அது நாள் முழுக்க அக்காவின் காலையே சுற்றிக்கொண்டு கத்தும். "போட்டா செத்துப்புடும். போடலன்னா பசில கத்திக்கினே கெடக்குது. பசிக்கறதுக்குன்னே செஞ்சி வச்சிக்கிறாங்கடா இத" என்றாள் அக்கா. வெயில் ஏறிய ஒரு பகலில், நடந்துகொண்டிருந்த கோழி அப்படியே சாய்ந்துவிட்டது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். மாமாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த வருஷம் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகையில்தான் விஷயம் முற்றியது. அன்றைக்கு அவரவர் விளைச்சலின் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்து ஏலம் போகும். ஷெட் போட்ட நாளிலிருந்து மாமா இரண்டு பெரிய கோழிகளைக் காலைக் கட்டிக் கொண்டுவருவார். அன்றும் கொண்டுவந்தார். அக்கா கொல்லைப் பூசணிக்காயோடு முன்னால் போனவள், பீடத்தருகில் நின்று திரும்பினாள். "நம்ம தட்டுல வைக்காதத ஆண்டவரு முன்னால வைக்கறதா? வேணாங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கோயில் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. போன வருஷம் ஏலத்தில் அந்தக் கோழிகளை எடுத்த அம்மாள் எழுந்துவிட்டார். "அப்ப நாங்க எடுத்துக்கினு போயி புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டோமே, அது இன்னா?" அக்கா அவரைப் பார்த்து, "அதாங்க எனக்குத் தூக்கமே வரல" என்றாள்.

பேச்சு கம்பெனி வரைக்கும் போய்விட்டது. அடுத்த முறை குஞ்சு வரவில்லை, அதற்கடுத்தும் வரவில்லை. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் பாக்கி இருந்தது. மாமா கள்ளக்குறிச்சிக்கு வந்து ஷேர் ஆட்டோ ஓட்டினார், வீட்டுக்குப் போனாலும் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதற்காக வாதாடவும் இல்லை. காலி ஷெட்டில் ஆடு கட்டினாள். கரியாலூர் சந்தைக்குப் போய் மலைக்கோழிகள் வாங்கி வந்து திறந்த வெளியில் விட்டாள். மகள் எப்படியோ படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

அதன்பின் அந்த வீட்டில் கோழிக்கறி என்றால் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். அம்மியில் அரைத்த மசாலாவோடு மதியம் வரைக்கும் வேகும். ஆளுக்கு ஒரு துண்டு. இரண்டாவது சோற்றுக்கு வெறும் குழம்பு. பல்லுக்கு வேலை வைக்கிற கறி. அந்த ஒரு துண்டுக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்ததை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. சாப்பாட்டில் தத்துவம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அதனால் பேசுவதில்லை. பிரியாணிக் கடையில் நண்பர்கள் "சாருக்கு மட்டும் வெறும் குஸ்கா" என்று கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

ஷெட் போனாலும், அந்த நெடியில் அக்காவுக்குப் பிடித்த இருமல் போகவில்லை. காய்ச்சல் கண்டு படுத்தபோது, கேட்க வேண்டிய ஆன்டிபயாடிக் மருந்துகள் கேட்கவில்லை. கோழிகளுக்கு மருந்து கலந்த கையா என்று டாக்டர் விசாரித்தார். அதனால்தான் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் அக்கா கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஜன்னலத் தொறந்து வையி." திறந்துதான் இருந்தது. மாமா அதை ஒவ்வொரு முறையும் சாத்தித் திரும்பத் திறந்து காட்டினார்.

இந்த டிசம்பரில் பெட்டியை இறக்கினோம். கரப்பான்பூச்சி உள்ளே போய்விடுகிறது, ஓட்டைகளை ஒட்டிவிடலாம் என்று என் மனைவி டேப்பை எடுத்து வந்தாள். பண்டிகைக்கு வந்திருந்த மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். "வேணாம்மா. அவ திட்டுவா" என்று டேப்பை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.