கூடிப்போன புளியங்கொட்டைகள்

சாணார்பட்டிப் பக்கம் பூப்பறிக்கப் போகிற அய்யம்மாளுக்கு ஒரே மகள், தீபா. பதினைந்து வயசு. எதிரில் யார் நின்றாலும் அவர்களைப் போலவே சிரிப்பாள், அவர்களைப் போலவே கையை ஆட்டுவாள். எல்லாரோடும் ஒட்டிக்கொள்கிற பிள்ளை என்றுதான் ஊர் சொன்னது, பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் சாகிறவரைக்கும்.

ஜக்கம்மாளின் பதினாறாம் நாள் காரியத்தில், வந்த சனத்தைப் பார்த்துத் தீபா சிரித்தாள். வாயைப் பொத்தி, மூக்கால் இழுத்து, கடைசியில் ஒரு விக்கல். அது செத்தவளின் சிரிப்பு. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்கள்.

கோடாங்கியிடம் கூட்டிப்போய்ச் சாட்டையால் அடித்துப் பேயை இறக்குவது என்றார் அய்யம்மாளின் புருஷன் சோலைமலை. வர்ற வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்துவிட்டார். அய்யம்மாள் லேசில் விடுகிறவளா? மகளை இழுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். அங்கே நர்கீஸ் டாக்டரம்மா தீபாவிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தார். இது ஆட்டிசம், பேயில்லை, இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலர் ஊரோடு ஒத்துப்போக அடுத்தவர் முகத்தைப் பார்த்து அதையே தாங்களும் போட்டுக்கொள்வார்கள் என்றார். எத்தனை தடவை அப்படிச் செய்கிறாள் என்று குறித்துவரச் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும், உயிரோடு இருக்கிறவர்களைப் போலவும் செய்கிறாள் என்று தெரிந்தால் கோடாங்கி வேண்டாம் என்று சோலைமலையும் இறங்கிவந்தார்.

அய்யம்மாளுக்கு எழுத்து தெரியாது. தடவைக்கு ஒரு புளியங்கொட்டையைப் பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டாள். கடைக்காரரைப் போல ஒன்று, டீச்சரைப் போல ஒன்று. அன்றன்றைக்கு எண்ணி மனசில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் டப்பாவைக் கவிழ்த்தாள். அவள் போட்டது நாற்பத்தொன்று. தரையில் கிடந்தது நூற்றுக்கு மேல்.

"ஏத்தா, இதுல நீ கொட்ட போட்டியா?"

"ஆமாம்மா. நீ விட்டதப் போட்டேன்."

"நான் எத விட்டேன்?"

"உன்கிட்ட இருக்கைலயும் அப்படித்தானம்மா இருக்கேன். நீ அத எண்ணவே இல்ல."

சொல்லிவிட்டுத் தீபா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் அய்யம்மாள் கவனித்தாள், தன் கீழுதடும் பல்லுக்கடியில் இருந்தது.

சாப்பிட வந்த சோலைமலை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கை மீசையைத் தடவியது. அவரைப் பார்த்த தீபாவின் விரலும் வெறும் மேலுதட்டைத் தடவியது. அவர் கையை இறக்கினார். அவளும் இறக்கினாள்.

"நான் உசுரோடதான இருக்கேன்" என்றார், யாரிடமோ கேட்பதுபோல. பிறகு, "கோடாங்கிக்கு வேண்டாம்னு ஆள் விட்டுச் சொல்லிர்றேன்" என்று சாப்பிடாமலே போய்விட்டார்.

பிள்ளை அடிக்குத் தப்பினாள். ஆனால் பெற்றவள் இத்தனை வருசம் கொஞ்சியது யார் முகத்தை? அய்யம்மாள் புளியும் முறமுமாகச் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் பாக்கல தாயி. நீ உன் இஷ்டத்துக்கு இரு."

நாலைந்து புளியம்பழம் உடைத்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் ஏதோ முன்னும் பின்னும் ஆடுகிற சத்தம் கேட்டது. தூரத்துக் கிணற்றில் மோட்டார் ஓடுவதுபோல ஒரு முனகல் எழுந்தது. பதினைந்து வருசத்தில் மகளிடம் அவள் கேட்டிராத குரல் அது. திரும்பினால் அது நின்றுவிடும் என்று தெரியும். கழுத்து நோக நோக, பொழுது சாயும்வரை சுவரையே பார்த்துப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.