சந்தனப் பொட்டு வைத்த ஜெனரேட்டர்

சிவப்புப் பெற்றோல் டாங்கியின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் துளி குங்குமம். அந்த ஜெனரேட்டரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அதுதான். திகனவுக்கு அப்பால் இருந்த அண்ணன் வீட்டில் தங்கி நான் கண்டியில் வேலைக்குப் போய்வந்த காலம். சரஸ்வதி பூசையன்று பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கும் அண்ணனின் மண்வெட்டிக்கும் நடுவில், புது மாப்பிள்ளை போல அது உட்கார்ந்திருக்கும். மதினியின் சொத்து அது.

அதைப் பூசைக்குத் தயார் செய்ய மதினி பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். முதல் நாள் விடிந்ததுமே வெளியே ஓடவிட்டு, பெற்றோல் இறங்கும் திருகை மூடிவிடுவார். உள்ளே மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டு, அது இருமி இருமித் தானாக அடங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார். சூடு ஆறும்வரை மேலே துணிகூடப் போட விடமாட்டார். பிறகு டாங்கியில் கிடப்பதைக் கேனில் இறக்கி, மூடியை இறுக்கி, அடுப்படிக்கு எட்டாத பின்கொட்டிலில் வைப்பார். டாங்கியை ஒரு பகல் முழுக்க வெளிக்காற்றில் திறந்து வைப்பார். காற்று வடிகட்டும் பஞ்சை மட்டும் சவர்க்காரம் போட்டு அலசிக் காயவைப்பார். சைக்கிளைக் கழுவிய குழாயோடு அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் போச்சு.

"இது என்ன எரும மாடா, குளிப்பாட்டுறதுக்கு? தொடச்சா போதுங்க."

கடைசியாக டாங்கியின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். "பெற்றோல் வாசம் கொஞ்சம் இருந்தாலும் வெளக்கு ஏத்தப்படாது தம்பி. சாமிக்குக் கற்பூரம் காட்டப் போயி வீட்டைக் கொளுத்திடக் கூடாது" என்பார். கோயில் ஐயர்கூட இத்தனை ஆசாரம் பார்த்து நான் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

மதினி வீட்டோடு ஒரு சின்ன அறையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் மின்பெட்டி வைத்திருந்தார். முதல் தடவை வைத்த முட்டைகள் மின்வெட்டில் குளிர்ந்து அத்தனையும் கூழாகிப் போயின. அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் வந்தது. "இன்னொரு தடவை இப்படிப் போச்சுன்னா பெட்டிய வித்துருவேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். அந்தப் பெட்டி போனால் மதினியிடம் தனக்கென்று எதுவும் மிஞ்சாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருடம் பூசை நாளும் முட்டை பொரிக்கும் நாளும் ஒன்றாக வந்துவிட்டன. காலையில் பூசை முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, இடி இடித்து, மழை கொட்டத் தொடங்கியது. கரண்ட் போனது. இயந்திரமோ பெற்றோல் இல்லாமல், பொட்டும் பூவுமாக விளக்குக்கு முன்னால் இருந்தது.

மதினி அதைத் தூக்கப் போனார். அண்ணன் மறித்தார். "பூசையில வச்சத நாளைக் காலம்பர வரைக்கும் தொடப்படாது. ஒனக்குத் தெரியாதா?"

மதினி சண்டை பிடிக்கவில்லை. அண்ணனின் கையைப் பிடித்து அந்த அறைக்குக் கூட்டிப்போய், பெட்டியின் மேல் காதை வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். முட்டை ஓட்டுக்கு உள்ளேயிருந்து கீச்சுக் குரல்கள். ஒன்றல்ல, பெட்டி நிறைய.

"கதவத் தட்டுதுங்க. சாமி இதுக்குக் கோவிச்சுக்குமா?"

அண்ணனுக்கு எதிலும் நடுவழி கிடையாது. அதுவரை தொடாதே என்றவர், அடுத்த நிமிடம் பின்கொட்டிலுக்கு ஓடிக் கேனைத் தூக்கிக்கொண்டு பூசையறை வாசலுக்கே வந்துவிட்டார். மழையில் நனையாமல் அங்கேயே ஊற்றி, அங்கேயே ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது.

"அங்கேயே நில்லுங்க!" அந்த வீட்டில் மதினி குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கேன வெளிய கொண்டு போங்க. மிசின் அங்க வரும். இது விடுற பொகைய வீட்டுக்குள்ள விட்டா, குஞ்சு பொழைக்கும், நம்ம பிள்ளைக பொழைக்காது."

நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மழையில் நனைந்துகொண்டே, முற்றத்தைத் தாண்டிப் பக்கம் திறந்த தகரக் கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். அங்கே நான் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. உள்ளே அத்தனை உயிர் குளிர்ந்துகொண்டிருக்க, அவர் கை ஒரு வேலையையும் தாண்டிப் போகவில்லை. புனல் வைத்து ஊற்றினார். மூடினார். சிந்திய துளியைத் துடைத்தார். கேனைத் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்த பிறகே திருகைத் திறந்து கயிற்றை இழுத்தார். வறண்டிருந்த இயந்திரம் முதலில் வாய் திறக்கவில்லை. மறுபடி இழுத்தார், அதுவும் வீண். அண்ணன் கும்பிட்ட கையோடு மழையில் நின்றார். அடுத்த இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. பெட்டிக்குப் போகும் வயரை மதினி அதில் செருகினார். அறை ஜன்னலில் பெட்டியின் விளக்கு எரிவதைக் கண்டதும் கொட்டிலின் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விடிந்தபோது அந்த அறை மஞ்சள் பஞ்சாக அசைந்துகொண்டிருந்தது. பெட்டியை விற்கும் பேச்சை அண்ணன் பிறகு எடுக்கவேயில்லை.

இப்போது அண்ணன் இல்லை. மதினி பல்லேகலயில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் மடங்குவதில்லை, கோழிகளும் இல்லை. அந்த வீட்டில் கரண்ட் போனால் பேட்டரி சத்தமில்லாமல் விளக்கைத் தந்துவிடுகிறது. ஆனாலும் ஜெனரேட்டரை விடவில்லை. மாதத்துக்கொரு தடவை மகளை விட்டு ஓட்டிப் பார்த்து, வறளவிட்டு, துடைத்து, ஆறிய பிறகு போர்த்தி வைக்கிறார். போன சரஸ்வதி பூசைக்குப் போயிருந்தேன். டாங்கியில் பொட்டு வைத்தாகிவிட்டது. மகள் தீப்பெட்டியோடு நின்றாள். மதினி கதிரையில் இருந்தபடியே குனியப் பார்த்தார், முடியவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க மோந்து பாருங்க."

நான் மண்டியிட்டு, மூடியைத் திறந்து, மூக்கை வைத்தேன். அவசரப்படாமல் இரண்டு தரம் முகர்ந்தேன்.

"சந்தன வாசம் மட்டுந்தான் மதினி."

"அப்ப வெளக்க ஏத்தச் சொல்லுங்க" என்றார்.