பின்னாலிருந்து பார்த்தவள்

“ஏம்மா, உன் கொட்டகைப் பன்னிங்க நாம போடுற தீனியைத் திங்குதா, இல்ல ஒண்ணோட வாலை ஒண்ணு தின்னே வயித்தை ரொப்பிக்குதா?” என்று கேட்டார் சூப்பர்வைசர்.

“தீனி போடுறோம் சார். எல்லாத்துக்கும் எட்டுற மாதிரி போடல” என்றாள் அண்ணி.

“வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல. பதினோரு வால் புண்ணு. ஒண்ணு பின்னங்காலை இழுத்துக்கிட்டு நடக்குது. ஒண்ணு போயே போச்சு. அடுத்த எடை போடுற வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படின்னா கொட்டகையை வேற ஆளுகிட்ட குடுத்துட்டு நீ பழையபடி ஹோஸ் பைப்பைப் புடிச்சுக்க.”

“எடைக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கே சார்.”

“இருக்கு. அதுக்குள்ள எல்லா வாலும் உள்ள போயிடாம பாத்துக்க.”

எடை மேடைக்குப் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த அவள் நாத்தனார் தலையை நிமிர்த்தவே இல்லை. பண்ணையில் எடை எழுதும் வேலை அவளுடையது. காதில் விழுந்ததைக் கேட்காதது போல் இருக்க அவளுக்கு நன்றாகவே வரும். ஆனால் அன்று பென்சில் முனை உடைந்துபோனது.

அண்ணி ஒன்பது வருஷம் கொட்டகைகளைக் கழுவியவள். எட்டு மாதம் முன்புதான் மூன்றாம் கொட்டகை அவள் பொறுப்புக்கு வந்தது. அந்தப் பண்ணையில் கொட்டகைப் பொறுப்பு வாங்கிய முதல் பெண் அவள். பக்கத்துக் கொட்டகை ஆண்கள் அவளுக்கு ‘வால்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வந்தாலே ஒருவன் தன் பின்பக்கத்தைக் கையால் மூடிக்கொள்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

மறுநாள் காலை நாத்தனார் டீ கொண்டுபோனபோது, அண்ணி கொட்டகையின் பின்னால் சாக்கடை ஓரமாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். கழுவுகிறவர்களைத் தவிர அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. முன்பக்கம் சிமென்ட் நடைபாதை. தீனி போடுகிறவர், மருந்து போடுகிறவர், முதலாளி எல்லோரும் அதில்தான் நடப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் தொட்டிக்குள் மூக்கும் வரிசையாகக் காதும்தான் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும்.

“இந்த நாத்தத்துல என்ன அண்ணி பண்றீங்க?”

“வாலைப் பாக்குறேன்டீ. நல்லா இருக்குற பன்னி வாலைச் சுருட்டி மேல வச்சிருக்கும். அந்த நாலையும் பாரு, வாலைக் காலிடுக்குல சொருகிக்கிட்டு நிக்குது. இன்னும் கடி விழல. விழப்போகுதுன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

டீ ஆறிப்போனது. தொட்டியில் நாலு வாய்க்குத்தான் இடம். கொட்டகைக்குள் தடுத்த அந்தப் பட்டியில் இருப்பதோ இருபது. எலும்பு துருத்திய ஒரு பொடிசு முட்டி மோதிப் பார்த்தது. பெரியவை அதைத் தோளால் தள்ளின. இரண்டாம் முறையும் தள்ளின. மூன்றாம் முறை பொடிசு தொட்டிப் பக்கமே போகவில்லை. தின்றுகொண்டிருந்த ஒன்றின் பின்னால் போய் நின்று, ஆடிக்கொண்டிருந்த வாலை வாயில் வைத்து ஒரே கடி. வீல் என்று சத்தம். கடிபட்டது விலகியதும் பொடிசு அந்த இடத்தில் தலையை நுழைத்துக்கொண்டது.

“அடிப்பாவி!” என்றாள் அண்ணி. குரலில் கோபத்தைவிட மெச்சுதல்தான் அதிகம்.

வால் கடிக்கிற ரவுடி என்று பெயர் வாங்கி ஒரு வாரமாகத் தனிச்சிறையில் கிடந்த பெரிய பன்றி பாவம், ஒன்றும் அறியாதது. அண்ணி நேராக சூப்பர்வைசரிடம் போனாள்.

“கடிபட்டதை எல்லாம் தூக்கிட்டுப் போறீங்க சார். கடிச்சவ உள்ளயே உக்காந்து அடுத்த வாலைத் தேடுறா. ரத்த ருசி கண்டு மத்ததும் சேர்ந்துக்குது.”

“பன்னி உங்கிட்ட வந்து சொல்லிச்சாக்கும்?”

“பின்னால உக்காந்தா சொல்லும் சார். நீங்களும் வாங்க.”

அவர் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணிக்கு அது போதுமாயிருந்தது. பொடிசைத் தனியே வைத்து வயிறாரத் தின்னவைத்தாள். பழைய இரும்புக் குவியலிலிருந்து ஓட்டைத் தொட்டிகளை இழுத்துவந்து, வெல்டரை நச்சரித்து ஒட்டவைத்து, பட்டிக்கு இன்னொன்று போட்டாள். சாக்கைக் கிழித்துக் கயிறாக முறுக்கி மூக்கு உயரத்தில் தொங்கவிட்டாள். கடிக்க வேண்டும் என்று இருப்பது அதைக் கடிக்கட்டும். வால் புண்களுக்கு இரண்டு வேளை மருந்து. புண் அழுகி முதுகெலும்புக்குள் ஏறிவிட்டால் பன்றி தீனியை வெறுக்கும், கால் இழுக்கும், நெஞ்சுக்குள் சீழ் கட்டும் என்று மருத்துவர் சொன்னதை அவள் மறக்கவில்லை.

மூன்றாம் வாரம் கடைசிப் பட்டியில் ஆறு வால்கள் ஒரே நாளில் இறங்கின. தீனி இருந்தது, கயிறும் இருந்தது. அண்ணி தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடைப்பை எடுத்தாள். மாலைக்குள் ஆறு வாலும் மேலே சுருண்டன. ஒரு கடிகூட விழவில்லை. அன்றைக்கு நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

எடை நாளில் முள்ளை நம்பாமல் சூப்பர்வைசர் மேடையை இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னார். மற்றக் கொட்டகைகளில் பன்றிக்குச் சராசரியாக இருபத்துநாலு கிலோ ஏறியிருந்தது. மூன்றாம் கொட்டகையில் இருபத்தெட்டு. வால் புண்பட்டவை மட்டும் ஆறேழு கிலோ பின்தங்கியே நின்றன. இழந்த நாட்கள் திரும்பவில்லை. முப்பத்திரண்டு கிலோ ஏறி முதலிடம் பிடித்தது யார் என்றால், பொடிசு!

“கடன்காரி, என்னமா கொழுத்திருக்கா!” என்று சூப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்தார். “கொட்டகை உன்னோடதுதான்மா. அந்த ரெண்டாவது தொட்டியை எல்லாக் கொட்டகைக்கும் போடச் சொல்லிடுறேன்.”

சாயங்காலம் முதலாளியே வந்தார். அண்ணி அவரை நடைபாதையில் விடவில்லை. பளபளக்கும் பூட்ஸோடு சாக்கடை ஓரமாகக் கூட்டிப்போனாள். வால்காரி என்று சிரித்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

ஆபீஸ் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார் முதலாளி. நாத்தனார் போனை எடுத்தாள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் வேண்டாம் என்பது போல் தலையை ஆட்டினாள்.

“என் மூஞ்சி எதுக்குடீ? நீ இப்படி வாளி மேல ஏறி நின்னு பின்னாலேருந்து எடு. அத்தனை வாலும் மேல சுருண்டிருக்குறது தெரியணும். ஒண்ணு விடாம எடுத்துக் குடுடீ.”